ஒன்றில் முடியும் முகவரி

மோடம் முதலில் எண்களைக் கொத்தும்,
அப்புறம் கரகரக்கும்,
தகரத்தில் ஆணி கீறுவதுபோல் கொஞ்சம் கத்தும்,
பிறகு அமைதி.
அமைதி வந்தால் இணைப்பு வந்துவிட்டது.
திருச்செங்கோட்டில் இதை யாருக்கும் புரியவைக்க முடியாது.
"சத்தம் நின்னா வண்டி நின்னுபோச்சுன்னுதானுங்க அர்த்தம்"
என்றார் நல்லமுத்து.
பதினாலு ரிக் வைத்திருந்தவர்.
போன வியாழனிலிருந்து ஏழு.

வெள்ளிக்கிழமை முதல் மெயில் இல்லை.
ராய்ப்பூருக்கு அப்பால் காட்டில் நிற்கும்
மூன்றாம் நம்பர் வண்டி
குழி போடுகிறதா, கிடக்கிறதா, தெரியவில்லை.
ஈரோட்டிலிருந்து நின்றுகொண்டே வந்தேன்,
பையில் ஒரு மாற்று மோடம்,
பத்தடி போன் ஒயர்.

முதலில் ஒயரைச் சந்தேகப்பட்டேன்.
ஜன்னலோரம் எலி கடித்த இடம் இருந்தது,
ஆனால் செம்பு அறவில்லை.
டயல் டோன் கொழுகொழுவென்று இருந்தது.
கடவுச்சொல்லைத் திருப்பி அடித்தேன்.
வேகத்தைக் குறைத்தேன்.
மோடத்தையே மாற்றினேன்.
ஒவ்வொரு தடவையும் லினக்ஸ் நல்ல பிள்ளையாக
எதிர்முனை கிடைத்தது என்றது,
எண் கொடுத்தார்கள் என்றது.
பிங் அடித்தால்
நூற்றுக்கு நூறும் தொலைந்தது.

பின்னால் நின்று பார்த்தவர் சொன்னார்:
"போரு போட்டாச்சு, கேசிங் எறக்கியாச்சு,
மோட்டாரும் ஓடுது, தண்ணி மட்டும் வரலீங்கறீங்க.
எத்தன அடீல நிக்குதுன்னு பாருங்க அம்மணி."

இந்தத் தொழிலில் யாரும் என்னிடம்
இவ்வளவு நல்ல கேள்வி கேட்டதில்லை.

பதிவேட்டை மறுபடி படித்தேன்.
மூன்று முறை தாண்டிப்போன ஒரு வரி:
ஏற்கெனவே ஒரு வழி இருக்கிறது,
அதை நான் மாற்றமாட்டேன்.
வழிப் பட்டியலைக் கேட்டேன்.
வெளியூர் போகும் எல்லாமே
ஒன்றில் முடியும் ஒரு முகவரிக்குப் போய்க்கொண்டிருந்தது.
"இந்த ஒண்ணு யாருதுங்க?"

நல்லமுத்து காலண்டரைப் பார்த்தார்.
கணக்கு எழுதும் பொன்னரசுதான் மெதுவாக,
"மாப்ளப் பொட்டிங்க" என்றான்.
தங்கையைக் கட்டிய செங்கோட்டுவேலின் கம்ப்யூட்டர்.
அந்த மூலையில் மேசைக்கால் இருந்த இடம்
நாலு சதுரமாகத் தூசியில்லாமல் தெரிந்தது.
பங்கு பிரித்தபோது
போன் லைன் இவருக்கு, பெட்டி அவருக்கு.
மோடத்தைக் கழற்றி சர்வரில் மாட்டியது பொன்னரசு,
போனில் சொல்லிக்கொடுத்தது நான்.
பழைய வழியைக் கேட்க மறந்ததும் நான்தான்.

மூன்று நாளாய் சர்வர்
நொடிக்கு ஒரு தரம் அந்த மூலையைக் கூப்பிட்டிருக்கிறது.
ஒன்று யார்? ஒன்று யார்?
ஹப்பில் பச்சை விளக்கு மட்டும் சிமிட்டியிருக்கிறது.

"எடுத்துரட்டுங்களா?"
"எடுத்தா மறுபடி வருமுங்களா?"
"வேணும்னா ஒரு வரி எழுதினாப் போதுமுங்க."
அவர் தலையாட்டினாரா,
கழுத்தைச் சொறிந்தாரா, சொல்லத் தெரியவில்லை.
ஓடும் பட்டியலில் நீக்கினேன்.
கோப்பில் இருந்த வரியை அழிக்கவில்லை.
அதன் முன்னால் ஒரு # போட்டேன்,
பார்த்தால் வேலிப்படல் மாதிரி இருக்கும்.

முப்பத்தொரு மெயில்
சொட்டுச் சொட்டாக இறங்கின.
ஏழாவது, ராய்ப்பூர் மேனேஜர், வெள்ளிக்கிழமை தேதி:
ஹேமர் உடஞ்சுபோச்சுங்க.
மாப்ள வண்டி பக்கத்து ஊர்ல நிக்குது.
அவிங்ககிட்ட ஒண்ணு கேட்டு வாங்கிக்கவா?
நாளைக்குள்ள சொல்லுங்க.

அன்று திங்கள்.

என்னை எழுப்பிவிட்டு அவரே உட்கார்ந்தார்.
ஒற்றை விரலில்
நெடுநேரம் எதையோ தேடித்தேடித் தட்டினார்.
நான் டீ டம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
பாதியில் லைன் அறுந்தது.
மறுபடி எண்கள், மறுபடி கரகரப்பு, அந்த ஆணி,
பிறகு அமைதி.
அவர் திரும்பி,
"இப்ப ஓடுதுங்களா?" என்றார்.
"ஓடுதுங்க."

சர்வீஸ் சீட்டில், கட்டணம்: இருநூற்றைம்பது.
பழுது என்ற கட்டத்தில்
போன் ஒயர், எலி
என்று எழுதிக் கையெழுத்து வாங்கினேன்.