ஆறு

மூன்றேகால் மணிக்கு இர்ம்ட்ராவுட் அழைத்தாள்.
"இறங்குது. வா."
வேறொன்றும் சொல்லவில்லை.

ட்ரியர் நகரப் பேருந்து ஓட்டுகிறவன் நான். அன்று விடுப்பு.
என் காலுறைக்கு மேல் மனைவியின் கம்பளிக் காலுறை.
நெற்றியில் விளக்கு.

மோசல் கரையில் மலை சுவர்போல் நிற்கிறது.
அடிமுதல் முடிவரை சிலேட்டு.
எச்சில் தொட்டு நான் கணக்கை அழித்த அதே கறுப்பு
இங்கே காலடியில் நொறுங்கிச் சரிகிறது,
கொடிக்கம்பத்தைப் பிடித்துக்கொண்டு ஏற வேண்டும்.

ஊர் முழுக்க அக்டோபரிலேயே அறுத்து முடித்துவிட்டது.
இவள் மட்டும் ஐந்து வரிசைக்கு வலை போர்த்திக் காத்திருந்தாள்.
பன்றிகள் தின்றது ஒன்றரை. பூஞ்சணத்துக்குப் போனது ஒன்று.
மிச்சம், சுருங்கிப் பழுப்பேறிய ரீஸ்லிங்,
நள்ளிரவில் எங்களைப் பார்த்து ஆடியது.

மைனஸ் ஏழு. சட்டம் அது.
கொடியிலேயே பழம் கல்லாக வேண்டும்,
கல்லாகவே ஆலைக்குள் போக வேண்டும்.
தண்ணீர் பனிக்கட்டியாய்ப் பின்தங்க
இனிப்பு மட்டும் சொட்டுச் சொட்டாய்த் தப்பித்து வரும்.

நான்கு மணிக்கு ஆறு புள்ளி மூன்று.
ஐந்துக்கு ஆறு புள்ளி ஆறு.
ஐந்தே முக்காலுக்கு ஆறு புள்ளி எட்டு.
அங்கேயே உட்கார்ந்துகொண்டது
கடன்காரன் வீட்டு வாசலில் உட்கார்வது போல.

"ஆறுதான் காரணம்" என்று கீழே காட்டினாள்.
பகலெல்லாம் வாங்கி வைத்த சூட்டை
இரவில் மூச்சாய் விடுகிறதாம் மோசல்.
எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.
எங்கள் மொழியில் இந்த எண்ணும் அந்த நதியும்
ஒரே சொல் என்றேன்.
அஞ்சல்காரர் ஏவால்ட் கேட்டார்:
"அப்படியானால் எதை எண்ணுகிறீர்கள், எதில் குளிக்கிறீர்கள்?"

லூப்ளினிலிருந்து வந்த ஸ்வாவெக்
தாழ்ந்த குரலில் சொன்னான்:
"ஏழு என்று எழுதிவிடலாம். இந்த இருட்டில் யார் பார்க்க?"

அவள் கையுறையைக் கழற்றினாள்.
ஒரு பழத்தை விரலிடுக்கில் வைத்து நசுக்கினாள்.
தோல் மட்டும் மொறமொறத்தது.
உள்ளிருந்து சாறு வழிந்து மணிக்கட்டுவரை ஓடியது.
நக்கிப் பார்த்தாள்.
"நல்ல இனிப்பு. ஆனால் இது அது இல்லை."
போன வருடமும் இதையே சொன்னாளாம். அதற்கு முந்தைய வருடமும்.

எதிர்க்கரையில் வெயில் விழுந்தது.
முதல் ரயில் போனது, ஆளில்லாத ஜன்னல்களோடு.
வலையின் முடிச்சுகளை அவளே அவிழ்த்தாள்,
ஒவ்வொன்றாக, அவசரமின்றி,
அவிழ்த்த கயிற்றைச் சுருட்டிப் பைக்குள் வைத்துக்கொண்டு.

சூறைக்குருவிகள் வந்துவிட்டன.
எப்படித்தான் தெரிகிறதோ.

ஏவால்ட் பெட்டி மேல் பெட்டியாக
வெற்றுப் பெட்டிகளை அடுக்கினார்.
என் கையில் அவள் ஊற்றித் தந்த பருப்பு சூப்
இன்னும் ஆறவில்லை.