புதன், பன்னிரண்டரை மணி

வாரத்தில் பதினேழரை மணி நேரம்
நான் பல்கலைக்கழகத்துக்குச் சொந்தம்.
திங்கள், செவ்வாய், புதனில் பாதி.
மற்ற நாட்களில் என் மேசையில்
கெதின் என்ற ஆய்வு மாணவன் உட்கார்ந்து
நாற்காலியை உயர்த்திவிடுகிறான்.
ஒவ்வொரு திங்களும் என் முதல் வேலை
தரைக்கு இறங்குவது.

கூட்டங்கள் எல்லாம் வியாழக்கிழமை.
பிறந்தநாள் கேக்கும் வியாழன்தான்.
ஃப்ரிட்ஜில் எனக்கென்று ஒரு துண்டு எடுத்து வைத்திருப்பார்கள்,
மேலே என் பெயர், ஓர் எழுத்து குறைவாக.
ஸ்வான்சீயில் இந்த ஜன்னலிலிருந்து கடல் தெரியும் என்கிறார்கள்.
எனக்குத் தெரிவது கார் நிறுத்துமிடம்,
அதன் மேல் மழை.

முதியவர்கள் ஏன் விழுகிறார்கள் என்பது எங்கள் ஆய்வு.
எழுபதைத் தாண்டிய அறுநூற்றுப் பன்னிரண்டு பேர்.
ஆறு மாதத்துக்கொரு முறை பதினொரு பக்கக் கேள்வித்தாள்,
தபால்தலை வேண்டாத உறை,
நிரப்பி அனுப்பினால் பத்து பவுண்டு வவுச்சர்.
மடிப்பது நான், ஒட்டுவது நான்.
உறையை நாக்கால் நனைக்கக் கூடாதென்று ஒரு விதி,
அதைத் தட்டச்சு செய்ததும் நான்.

பேராசிரியருக்கு அவர்கள் வெறும் எண்கள்.
பெயர்களின் அலமாரி வேறு, எண்களின் அலமாரி வேறு.
இரண்டுக்கும் சாவி ஒரே வளையத்தில்,
என் கைப்பையில், இருமல் மிட்டாய்களுக்கு நடுவே.

கட்டத்துக்குள் டிக் போடச் சொன்னால்
ஓரத்தில் எழுதுகிறார்கள்.
சென்ற மாதம் எத்தனை முறை விழுந்தீர்கள்?
*ஒரு முறையும் இல்லை. நாய் இரண்டு முறை.*
விழுந்துவிடுவோம் என்ற பயம் உண்டா?
*மருமகளுக்கு உண்டு.*
பிறர் உதவியின்றிக் குளிக்கிறீர்களா?
*நீங்கள்?*

கணினியில் ஓரத்துக்கு இடமில்லை.
டிக் இல்லாத கட்டத்துக்குத் தொண்ணூற்றொன்பது.
தொண்ணூற்றொன்பது என்றால் பதில் இல்லை.
பதில் இருக்கிறது, பக்கம் நிறைய இருக்கிறது.
தொண்ணூற்றொன்பது அடிக்கிறேன்.

0417 எப்போதும் பச்சை மை.
கறுப்பில் மட்டும் எழுதவும் என்று தடித்த எழுத்தில் போட்டிருந்தும்
ஓல்வென் ப்ராசர், நீத், மூன்று முறையும் பச்சை.
நான்காவது உறை மார்ச்சில் வந்தது.
உள்ளே நீல மை.

*ஓல்வென் ஜனவரியில் போய்விட்டாள்.
எந்தப் படிவத்தையும் அவள் பாதியில் விட்டதில்லை.
அதனால் நான் நிரப்பியிருக்கிறேன். இட்ரிஸ் ப்ராசர்.*

எத்தனை முறை விழுந்தீர்கள்? 0.
வலி, பத்துக்கு எவ்வளவு? 0.
துணையின்றி வெளியே போக முடிகிறதா?
ஆம் என்ற கட்டத்தில் ஒரு டிக்,
அதன் மேல் அடித்தல்,
பக்கத்தில் மறுபடி டிக்.
பொதுவாக இப்போது எப்படி இருக்கிறீர்கள்?
அதை மட்டும் விட்டிருந்தார்.

டாக்டர் லவ்ரி நல்லவர். பாவம் என்றார்.
பிறகு, குறியீடு ஐந்து என்றார், இறப்பினால் விலகல்.
வவுச்சர் கிடையாது, நிரப்பியவர் பங்கேற்பாளர் அல்ல.
சரிதான்.
அந்த விதியும் என் விரல்கள் அடித்ததுதான்.

ஐந்து அடித்தேன்.
இதற்கென்று ஒரு கடிதம் தயாராக இருக்கிறது:
பெயருக்கு ஒரு காலியிடம், உறவுமுறைக்கு ஒரு காலியிடம்.
நிரப்பினேன், அச்சடித்தேன்,
தாள் அரைக்கும் எந்திரத்துக்குக் கொடுத்தேன்.

பன்னிரண்டரை.
தானியங்கிப் பதிலைப் போட்டுவிட்டு எழுந்தேன்:
திங்கள் காலை திரும்புவேன், அவசரமென்றால்
என்று தொடங்கி ஒரு தொலைபேசி எண்.
அதுவும் என் மேசையில்தான் அடிக்கும்.

பஸ் நிறுத்தத்தில்,
சம்பளமில்லாத நேரத்தில்,
கடையில் வாங்கிய தாளில் எழுதினேன்.
முகவரிக்கு எந்த அலமாரியும் திறக்கவில்லை,
நான்கு முறை ஒட்டிய கைக்கு அது மனப்பாடம்.

அன்புள்ள இட்ரிஸ்,
படிவம் வந்து சேர்ந்தது.
பதினொரு பக்கங்களும் இருக்கின்றன.
ஒன்றை விட்டிருக்கிறீர்கள், பரவாயில்லை,
அந்தக் கேள்வியை நாங்கள் சரியாகக் கேட்கவில்லை.
அவர் பச்சை மையில் எழுதுவார்,
அதைப் பற்றி நான் ஒருமுறைகூடப் புகார் செய்ததில்லை.

பஸ் வந்தது. அடுத்தது நாற்பது நிமிடம் கழித்து.
ஓட்டுநர் என்னைப் பார்த்தார், நான் தலையாட்டினேன்,
போகச் சொல்லி.
தாள் சின்னது, அடிவரை வந்துவிட்டேன்.
திருப்பிப் பிடித்து
ஓரத்தில் எழுத ஆரம்பித்தேன்.