நிகர எடை

ஆறு மணிக்கு ஷட்டரைப் பாதி இறக்கியதும்
டில்லிபாபு டீ வாங்கப் போய்விடுவான்.
அப்போது ஏறுவேன் தராசில்.
செருப்பைக் கழற்றி
சாவிக்கொத்தை மேசைமேல் வைத்து.
கண்ணாடியையும் கழற்றிப் பார்த்தேன் ஒருநாள்,
எண் தெரியவில்லை.

எண்பத்தொன்று புள்ளி நான்கு.
ஒரு மூட்டை அரிசி, அரை மூட்டை துவரம்பருப்பு,
மிச்சம் ஆறு கிலோ சொச்சம்
சர்க்கரை என்று வைத்துக்கொள்ளலாம்.

வியாசர்பாடி ரேஷன் கடையில் பதினாறு வருஷம்
அடுத்தவர் பங்கை நிறுத்துப் போட்ட கை.
ஒரு பிடி அள்ளினால் சொல்லிவிடுவேன்
நூற்றிருபது கிராமா, நூற்றுமுப்பதா என்று.
என்னைத்தான் கணிக்க வருவதில்லை,
தினமும் கொஞ்சம் குறைவாகவே நினைத்துக்கொண்டு ஏறுகிறேன்.

"அரிசிய விட்டுடுங்கம்மா" என்றார் பெரம்பூர் டாக்டர்
தலை நிமிராமல்.
விட்டேன்.
நாளெல்லாம் அரிசி கொட்டும் சத்தத்துக்கு நடுவில் உட்கார்ந்து
ஏழு மாதம் விட்டேன்.
தலைமுடியில் அதன் தூசி,
ரவிக்கை மடிப்பில் அதன் தவிடு,
வீட்டில் இரண்டு முட்டையும் ஒரு கிண்ணம் கோஸும்.
பதினோரு கிலோ போயிற்று.
தம்பி மகள் கல்யாணத்தில்
அரக்குப் பட்டின் பழைய ரவிக்கைக்குக் கொக்கி மாட்டியது.
ஒவ்வொரு போட்டோவிலும்
ஓரத்தில் நிற்காமல் நடுவில் நிற்கிறேன்.

அப்புறம் வந்தது அந்த டிசம்பர் மழை.
நாலு நாள் கரண்ட் இல்லை, முட்டை இல்லை, கோஸ் இல்லை.
மாடிப்படியில் யாரோ நீட்டிய பொட்டலத்தில் சாம்பார் சாதம்,
சூடாக.
அழுதுகொண்டே தின்றேன் என்று சொன்னால் நன்றாக இருக்கும்.
இல்லை, இன்னொரு பொட்டலம் கேட்டேன்.
போன பதினோரு கிலோவும் வழி தெரிந்து திரும்பியது,
கூடவே மூன்று கிலோ சொந்தக்காரர்களை அழைத்துக்கொண்டு.

"டயட்டெல்லாம் டுபாக்கூருக்கா" என்பான் டில்லிபாபு,
இரண்டு பிளேட் பீஃப் பிரியாணிக்குப் பிறகும்
பெல்ட்டில் புதிதாக ஓட்டை குத்துகிறவன்.
"ஒடம்பு ஒரு நோட்டு வச்சிக்கினு இருக்கும்.
நீ எடுத்தா எய்தி வச்சிக்கும். வட்டியோட வசூல் பண்ணும்."

"வாயக் கட்ட முடியலன்னு சொல்லு"
வரிசையிலிருந்து மோகனா,
கேழ்வரகுக் கூழில் ஆறு கிலோ இறங்கி
அதற்குமேல் இறங்காமல்
இரண்டு வருஷமாக அதே கூழில் நிற்பவள்.

இருவர்மீதும் எனக்குக் கோபம்தான்.
அவன் சொன்னால் இனி முயல வேண்டாம்,
அவள் சொன்னால் இதுவரை முயலவே இல்லை.

போன மாசம் ஜீவரத்தினம் வந்தாள், பாதி ஆளாக.
வரிசையே மொய்த்தது:
எப்டிக்கா கொறச்சே, எங்களுக்கும் சொல்லேன்.
கார்டை நீட்டியபடி சொன்னாள், "சக்கர."
"எவ்ளோ?" என்றேன், பழக்கத்தில், பில் போடும் மெஷினைப் பார்த்து.
"நானூத்திப் பத்து."
விசிறி சுற்றும் சத்தம் மட்டும் கொஞ்ச நேரம்.
அவள் பங்குச் சர்க்கரையை வாங்காமலே போனாள்.
அன்றைய கணக்கில் அது இருப்பு.

கோடவுன் மூட்டைக்குச்
சாக்கு எடை என்று ஐந்நூற்றெண்பது கிராம் கழிப்போம்.
தணிக்கைக்கு வருகிறவர் கேட்கும் முதல் கேள்வி
சாக்கோடவா, சாக்கு இல்லாமலா.

புடவைக்கு அரைக் கிலோ கழித்துவிட்டேன்.
இரண்டு பிரசவத்தைக் கழிக்கலாமா?
காலை மாத்திரையைக்
காரணமாகக் காட்டலாமா?
மீதியில்
எது சாக்கு, எது அரிசி என்று
பிரிக்கத் தெரியவில்லை எனக்கு.

டில்லிபாபு வந்துவிட்டான்.
"சக்கர போடாத டீக்கா" என்று வைத்தான்,
பக்கத்திலேயே எண்ணெய் ஊறிய காகிதத்தில்
ஒரு வாழைக்காய் பஜ்ஜி.

பஜ்ஜியைத் தராசில் வைத்தேன். எழுபது கிராம்.
பிய்த்து அவனுக்குப் பாதி கொடுத்தேன்.
சின்னப் பாதி.