லிப்ஸ்டிக் லேத்

அவர்களுக்குக் கண்மை தீட்டிவிட்டது நான்தான்.
காந்திபுரம் நாலாம் வீதி, மாடியில் என் பார்லர்.
தொண்ணூறாம் வருஷம், ஆடி மாதம்,
மணப்பெண்கள் வராத மாதம்.
நாற்காலிகள் சும்மா கிடந்ததால்தான்
நாலு ஆண்களை உள்ளே விட்டேன்.

"ஏனுங்க, முடி மேலே நிக்கோணும். சிங்கமாட்ட."

நாச்சிமுத்து, கணபதியில் மோட்டாருக்குக் காயில் கட்டுகிறவன்.
பொன்னுரங்கம், பவுண்டரியில் மணல் சலித்துவிட்டு வந்து
டிரம்ஸ் அடிப்பவன்.
க்ளிஃபர்ட், போத்தனூர் ரயில்வே குடியிருப்பு.
அவர்கள் பாட்டின் இங்கிலீஷ்
அவன் ஒருவனுக்குத்தான் புரியும்.
நாலாமவன் பெயர் மறந்துவிட்டது.
பேஸ் வாசிப்பவர்களுக்கு அப்படித்தான் ஆகும் போல.

திருப்பூரில் கழித்துப்போட்ட துணியில் இறுக்கக் கால்சட்டை,
சிறுத்தைப் புள்ளி இடது காலில் மட்டும் அச்சாகியிருந்தது.
கிடாருக்குள் இருந்த காந்தச் சுருள்
நாச்சிமுத்து கட்டியது:
மயிரினும் மெல்லிய தாமிரம், ஏழாயிரம் சுற்று.
எண்ணும்போது யாரும் பேசக் கூடாது.
பேசினால் கம்பியை அறுத்துவிட்டு
ஒன்றிலிருந்து தொடங்குவான்.

பீளமேட்டில் ஒரு கல்லூரி விழா.
மூன்றாம் பாட்டில் கரண்ட் போனது.
கைதட்டல் அதற்குத்தான்.

பிறகு கேசட்.
ராமநாதபுரத்தில் பக்திப்பாட்டு பதிகிற ஸ்டுடியோ,
ராத்திரிக்குப் பாதி வாடகை.
அன்றைக்கும் முழு அலங்காரம் வேண்டும் என்றார்கள்.
"யாரு பாக்கப் போறா?" என்றேன்.
"பாட்டுக்குத் தெரியுமுங்க."
விடியற்காலை டீக்கடைக்காரர் கிளாசுகளைக் கழுவும்போது கேட்டார்,
உள்ளே எத்தனை பொம்பளைங்க என்று.

ஏழு பாட்டும் ஓட்டம்.
அவர்கள் பார்த்திராத ஊரின்
அவர்கள் ஓட்டியிராத வண்டிகள்.
எட்டாவதுக்கு இங்கிலீஷ் தீர்ந்துவிட்டது.
தமிழிலேயே பாடு என்றான் நாச்சிமுத்து.
அவன் பெண்டாட்டிக்கு மில்லில் ராத்திரி ஷிஃப்ட்.

பாய் இன்னும் சூடா இருக்குது கண்ணு
பாய் இன்னும் சூடா இருக்குது கண்ணு
நீ எந்திரிச்சுப் போய் எத்தன நேரமாச்சு

ஒரே வரி, இரண்டு தடவை.
முதல் தடவை க்ளிஃபர்ட் பாடினான்.
இரண்டாம் தடவை
அந்தப் பாயில் கையை வைத்துப் பார்த்தான்.
பொன்னுரங்கம் குச்சிகளைப் போட்டுவிட்டு
விரலால் தட்டினான், யாரோ தூங்குகிற வீட்டில் தட்டுவதுபோல.

அப்புறம் கிடார்.
ஒரு நரம்பை மெதுவாக மேலே தள்ளினான் நாச்சிமுத்து.
மூலையில் துண்டை விரித்துப் படுத்திருந்த
ஆர்மோனியக்காரர் மாரண்ணன் எழுந்து உட்கார்ந்தார்.
கட்டைகளைத் தடவித் தேடினார். கிடைக்கவில்லை.
"சாதாரண காந்தாரமும் இல்லீங்க,
அந்தர காந்தாரமும் இல்லீங்க.
நடுவுல எங்கியோ நிக்கிறான்."

நானும் அங்கேதான் நின்றுகொண்டிருந்தேன் அப்போது,
சாதாரணத்துக்கும் அந்தரத்துக்கும் நடுவில்,
கையில் ஸ்ப்ரே டப்பாவோடு.
அந்தக் கதை இங்கே வேண்டாம்.

எங்கள் எல்லோருக்கும் முன்னால் நாடா தீர்ந்தது.
பி பக்கம் முப்பதே நிமிஷம்.
நரம்பு மேலே போய்க்கொண்டிருக்கையில்
டக்.

அவன் நிறுத்தவில்லை, அது கேசட்டுக்குத் தெரியாது.
ஏற்றவுமில்லை, இறக்கவுமில்லை.
ஸ்டூல்மேல் கிடாரைச் சாய்த்துவிட்டு எழுந்து போனான்.
ஏழாயிரம் சுற்றும் உம்மென்று
வெகு நேரம் இரைந்துகொண்டிருந்தன.

இருநூறு கேசட்டில் முப்பத்தொன்று விற்றது.
மிச்சத்தை வாடகைப் பாக்கிக்கு ஸ்டுடியோக்காரர் எடுத்துக்கொண்டு
மேலேயே அம்மன் பாட்டைப் பதிந்துவிட்டார்.
அம்மன் பாட்டு கொஞ்சம் சின்னது போலிருக்கிறது.

நாலு வருஷம் கழித்து, சூலூர்ப் பக்கம், ஒரு மாசிப் பொங்கல்.
ஒலிபெருக்கியில் உடுக்கை ஓய்ந்தது.
கொஞ்சம் இரைச்சல்.
பிறகு, வேப்ப மரத்து உச்சியிலிருந்து,
பாய் இன்னும் சூடா இருக்குது கண்ணு.

மைக்செட்டுப் பையனைக் காணோம்.
வரிசையில் யாரும் நகரவில்லை.
எனக்கு முன்னால் மாவிளக்கோடு நின்றவள்,
தலையில் இன்னும் பஞ்சுத் தூசி, திரும்பி
"இது எந்தச் சாமிக்குங்க்கா?" என்றாள்.

நரம்பு ஏறத் தொடங்கியிருந்தது.
டக் என்பதற்கு இன்னும் சில நொடிதான்.
"இருங்க" என்றேன்.