பதியாத காசு

புதுக்குடியிருப்புச் சந்தியிலிருந்து
மூன்றாவது கடை என்னுடையது.
பழைய இரும்பு, பித்தளை, செம்பு.
தராசு பொய் சொல்லாது.
நான் சொல்வேன், கொஞ்சம்.

வருகிற குப்பைக்குள்
சாமி இருக்கிற காசை மட்டும் ஒதுக்குவேன்.
ராசாவின் தலை வேண்டாம். எண் மட்டும் உள்ளதும் வேண்டாம்.
கொப்பியில் இதுவரை நூற்றுப் பதினொன்று:

படுத்திருக்கும் நந்தி, கீழே சேது என்று எழுத்து,
திமில் தேய்ந்தது, சந்தைப் புழக்கம்.
குளக்கட்டு வெட்டியபோது வந்த செப்புத் தகட்டில்
இரண்டு யானைகள் நீர் சொரிய நிற்கிற இலட்சுமி.
முகம் போய்விட்டது, இடுப்பை வைத்துத்தான் பிடித்தேன்.
ஐம்பத்தேழாம் ஆண்டுப் புத்த ஜயந்தி ரூபா,
ஆமிக்காரன் ஒருவன் சிகரெட்டுக்கு மாற்றியது.
பிறகு மடுமாதா பதக்கம்.
ஓட்டை போட்டது காசாகுமோ என்று
செபமாலை ஒரு கிழமை கதைக்கவில்லை.

பங்குனியில் இரணைப்பாலைப் பக்கமிருந்து
ஒருத்தி சாக்கோடு வந்தாள்.
சைக்கிள் றிம், பம்புக் கைபிடி,
நெளிந்த பால்மா ரின்.
ரின்னுக்குள் மண். மண்ணுக்குள்
மஞ்சள் துணி முடிச்சு.
"காணி துப்பரவாக்கேக்கை வந்தது.
எங்கடையில்லை, ஆற்றையோ."
றிம்மின் நிறையோடு அதுவும் போனது.

இரவு, கைப்பழக்கத்தில் அவிழ்த்தேன்.
அவிழவில்லை, பொடியாக உதிர்ந்தது.
உள்ளே இரண்டு ரூபா, எண்பத்து நான்கு.
ஒரு பக்கம் எண்.
மறுபக்கம் அரசாங்கத்தின் சிங்கம், வாளோடு,
தலைக்கு மேல் தர்மச் சக்கரம்.

இதையா மஞ்சளில் நனைத்து
அம்மாளுக்கென்று முடிந்தாய்?
சிங்கத்தைப் பார்த்தாயா,
இருட்டில் கையில் அகப்பட்டதா?
காய்ச்சலுக்கா, வராமல் போனவனுக்கா,
பங்கருக்குள் பிறக்க இருந்ததுக்கா?

கொப்பியில் நூற்றுப் பன்னிரண்டு என்று போட்டேன்.
'உருவம்' என்ற இடத்தில்
பேனை நின்றது.

வைகாசிப் பொங்கலுக்கு வற்றாப்பளை போனேன்.
உண்டியலின் வாய்வரை கொண்டுபோனேன்.
கேட்டது கிடைத்ததோ தெரியாது,
இன்னொருத்தியின் நேர்த்தியை
நான் எப்படித் தீர்க்க?
பின்னால் சனம் நெருக்கியது.
கச்சான் வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

இப்போது புதுத் துணியில் இருக்கிறது,
தராசுக்குப் பக்கத்தில்.
முடிச்சு என்னுடையது, சரியாக வரவில்லை.

நேற்று நந்தியை எடுத்து
உள்ளங்கையில் வைத்து விரலை மூடினேன்.
பெருவிரல் போய் நின்ற இடம்
திமில்.

கொப்பியைத் திறந்து
சந்தைப் புழக்கம் என்பதை வெட்டினேன்.
வேறெதுவும் எழுதவில்லை.