வெள்ளைச் சுவர்

பள்ளத்தூரில் பதினொரு மணி வெயில்.
முன்வாசல் ஒரு தெருவிலும்
பின்வாசல் மறு தெருவிலுமாக வீடுகள்.
கால் கடுக்க நடந்தும்
ஒன்றைக்கூட முழுதாய்
லென்சுக்குள் மடக்க முடியவில்லை.

மாடிக் கைப்பிடிச் சுவர்மேல்
சுதைச் சிப்பாய்.
வெள்ளைக்காரத் தொப்பி, அதில் மைனா.
கழுத்தைச் சுற்றிக் கேபிள் ஒயர்.
ஒயர் விழாமல் எடுக்க
மூன்று தரம் சாக்கடை வரை பின்வாங்கினேன்.

"ஈ.பி.யிலேர்ந்தா?"
சாவிக்கொத்தோடு ஒருவர்.
இல்லை என்றதும்
காக்கிச் சட்டையின் மேல்பட்டனைப் போட்டார்.
"அப்ப என்னைய ஒண்ணு எடுங்க.
பேங்குக்கு, பாஸ்போர்ட் சைஸ்.
பின்னாடி வெள்ளையா இருக்கணுமாம்."

வெள்ளைக்கு எங்கே போவது?
நீலம், காவி, பச்சைக் கண்ணாடி,
யானையும் கிளியும் திருமகளும்
இடம் விடாத முகப்புகள்.
சாத்தையா முன்னே, கேமரா பின்னே,
இரண்டு தெரு.

ரேஷன் கடைக்குப் பின்னால்
நேற்றுதான் சுண்ணாம்பு அடித்திருந்தார்கள்.
"காது ரெண்டும் தெரியணும்"
தனக்கே சொல்லிக்கொண்டு
விறைத்து நின்றார்.

காட்டினேன்.
"கண்ணை மூடிட்டேனே."
இன்னொன்று.

சாவி குலுங்கத் திரும்பிப் போனார்.
காக்கி முதுகில்
கையகலம் வெள்ளை.
அதையும் எடுத்தேன்.
ஒயர் குறுக்கே வந்தது,
வரட்டும் என்று விட்டேன்.