மஞ்சள் பொத்தான்

பள்ளிக்கூடக் கட்டுரைக்காக மகன் கேட்டான்:
"உலகத்துல இத்தனை கோடிப் பேர்
ஏம்மா கோயில், மசூதி, தேவாலயம்னு போறாங்க?"
நான் வாய் திறப்பதற்குள் அவனே எழுதிவிட்டான்,
பயம்.
அரைப் பக்கத்தில் விஷயம் முடிந்தது.
சரிதான் என்று தலையாட்டிவிட்டு
இரவு வேலைக்குக் கிளம்பினேன்.

என் வேலைக்குக் காது போதும்.
ஈசூன், புக்கிட் பாத்தோக், தோ பாயோ,
எங்கே மின்தூக்கி நின்றாலும்
உள்ளே மாட்டிக்கொண்டவர் அழுத்தும் மஞ்சள் பொத்தான்
என் மேசையில் வந்து கத்தும்.
பழைய இணைப்பு.
நான் பேசும்போது அவர்கள் குரல் வராது.
அவர்கள் பேசும்போது என் குரல் போகாது.
ஒருவர் வாயை மூடினால்தான்
இன்னொருவருக்கு வழி.

சீனர்களின் ஏழாம் மாதம்.
ஆவிகளுக்கென்று கொளுத்திய காகிதம்
புளோக்குகளின் கீழே தகர உருளைகளில்
இன்னும் கனிந்துகொண்டிருந்திருக்கும்.
இரண்டு பத்துக்கு அழைப்பு.
ஈசூன். பதினொன்றாம் மாடிக்கும் பன்னிரண்டுக்கும் நடுவில்
ஒற்றை ஆள். விளக்கும் அணைந்துவிட்டதாம்.
பெயர் சுல்ஃபட்லி. சாப்பாடு கொண்டுபோகும் பையன்.
கையில் இரண்டு பொட்டலம் மீ கோரெங்.
"ஆறிடும் சிஸ்டர்" என்றான் முதலில்.
அப்புறம்,
"கயிறு அறுந்துடுமா?"

அறாது என்றேன். ஆள் வருகிறார் என்றேன்.
முதுகைச் சுவரில் சாய்த்து உட்காரச் சொன்னேன்.
பயிற்சியில் கொடுத்த வாக்கியங்கள் எல்லாம் தீர்ந்தன.
பிறகு, சொல்ல வெட்கமில்லை,
மூன்று கோப்பி ஓ குடித்திருந்தேன்.
பக்கத்து மேசையில் சியூ ஹுவா விடுப்பு.
ஹெட்செட்டைக் கழற்றி வைத்துவிட்டு ஓடினேன்.

திரும்பி வந்தபோது
அவன் இன்னும் பேசிக்கொண்டிருந்தான்.
"ம்" என்றேன், போகவே போகாதவள் மாதிரி.

பர்மாக்காரர் ஒருவர் போய்
இரண்டு ஐம்பதுக்குக் கதவை நெம்பித் திறந்தார்.
போகிற போக்கில் பையன் சொன்னான்:
"தேங்க்ஸ் சிஸ்டர்.
நீங்க கேட்டுக்கிட்டே இருந்தீங்க, அதான்."

அறிக்கைக்காக ஒலிப்பதிவைப் போட்டேன்.
நான்கு நிமிடம் பன்னிரண்டு நொடி
என் காலி நாற்காலியிடம் பேசியிருக்கிறான்.
அப்பாவின் டயாலிசிஸ், செவ்வாய் வியாழன் சனி.
தொடக்கப்பள்ளியில் எடுத்துக்கொண்டு
திருப்பித் தராத சைக்கிள்.
நீல நிறமாம். மணி மட்டும் சிவப்பாம்.
"இருக்கீங்களா?" என்கிறான்.
மேசை விசிறியின் சத்தம்.
"சரி" என்கிறான்,
யாரோ ஆமாம் சொன்னதுபோல.
அதற்குப் பிறகு மூச்சு இறங்குகிறது.
மெல்ல எதையோ ஓதுகிறான். அரபி.
எனக்குப் புரியாது.
எனக்கானதும் இல்லை அது.
கடைசியில் பையைத் தொட்டிருக்க வேண்டும்:
"இன்னும் சூடா இருக்கு."

பயம்தான், மறுக்கவில்லை.
பொத்தான்வரை அதுதான் கூட்டிவந்தது.
ஆனால் அந்தச் சைக்கிள்?
கயிறு அறுந்துவிடுமென்று நடுங்குகிறவனுக்கு
மணியின் நிறம் எதற்கு?
நாற்காலி காலிம்மா என்பான் மகன்.
காலிதான். எழுந்து போனவளே நான்தானே.
லைனை மட்டும்
அணைக்காமல் போயிருந்தேன்.

"பயணியுடன் தொடர்பில் இருந்தேன்"
என்று அறிக்கையில் எழுதினேன்.
பொய்யா என்று கொஞ்ச நேரம் பார்த்தேன்.
அழிக்கவில்லை.

விடிந்து வீடு திரும்புகிறேன்.
எங்கள் புளோக் மின்தூக்கியில் ஊதுபத்தி வாசனை,
யாரோ கொட்டிய சோயா பால்.
ஒன்பதாம் மாடி வருவதற்குள்
கை தானாகப் போய்
மஞ்சள் பொத்தான்மேல் நின்றது.
அழுத்தவில்லை.
இருக்கிறதா என்று பார்த்தேன்.